ரெண்டு பேரு உள்ள தோட்டம்

— நல்லாக் கேட்டுக்கங்க பாவா நானா, திரும்பச் சொல்ல மாட்டேன். காலையில நாலு பேரு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாங்க. யாரும் சாகல, யாரும் ஓடிப்போகல, யாரும் காய்ச்சல்னு லயத்து வீட்டுக்குத் திரும்பல. சாயந்தரம் கணக்கப்புள்ள கணக்குப் பாத்தா ரெண்டு பேருதான். எப்படி?

— புலி அடிச்சிட்டு.

— யாரும் சாகலன்னு சொன்னேனே!

— அடிச்சிட்டுன்னுதானே செல்றன், செத்தீக்கின்னு செல்லலியே. இஞ்ச பாரு சுலக்ஷனா, நீ பார்மசியில மாத்திர எண்ணுற புள்ள. ஒனக்கு எண்ணுறதெல்லாம் லேசு. நான் கொப்பி, பேனை விக்கிற மனிசன்.

— விஜி, நீங்க வாயத் தொறக்காதீங்க. நீங்க சிரிக்கிற சிரிப்பப் பாத்தாலே தெரியுது, கண்டுபுடிச்சிட்டீங்க.

— கண்டுபுடிக்க என்ன இருக்கு? லாஜிக்கா பாத்தா, இது ஹட்டன் டவுன்ல பொறந்தவருக்கு வராது. அம்மா வயித்துல இருக்கிறப்பவே மலை ஏறியிருக்கணும்.

— பெரிய கதை அளக்காத விஜி. நீ பக்கத்துக் கடையில ஏசிக்குள்ள உக்காந்து போன் ரிப்பேர் பண்றவன். ஒனக்கும் மலைக்கும் என்ன?

— ஏசியா? அது ஜன்னல் ஒடைஞ்சது நானா.

— சரி, நான் தோத்துட்டன். செல்லு புள்ள.

— சத்தமாச் சொல்லணும். சங்கத்துச் சட்டம்.

— தோத்துட்டன்! போதுமா? மார்க்கட் வரைக்கும் கேட்டீக்கும்.

— நாலு பேருக்கும் அரைப்பேரு போட்டுட்டாங்க. அவ்வளவுதான்.

— அப்படின்னா?

— கொழுந்து கொறஞ்சா முழு நாள் வேலைக்கு அரை நாள்தான் போடுவாங்க நானா. அதுக்குத்தான் அரைப்பேருன்னு சொல்றது. நாலு அரைப்பேரு, ரெண்டு பேரு.

— இது மோசடி! பேருன்னா ஆளுன்னு நெனச்சனே.

— மலையில நிக்கிறவங்களும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஆளு நாலா நிக்கும், பேரு ரெண்டா விழும்.

— சுலக்ஷனா, இதத் தோட்டத்துப் பெரிய தொரைக்கிட்டக் கேட்டுப் பாருங்க. அவரு உடனே சரியா சொல்லிருவாரு.

— அது கெடக்கட்டும். தோத்தவரு பிளேன்டி ஊத்துங்க. எனக்குச் சீனி கொறச்சு.

— ஊத்துறன், ஊத்துறன். மூளைச் சங்கமாம்! இந்த மலைநாட்டுல எத்தன சங்கம் ஈக்கி, ஒண்டுலயாச்சும் தலைவரு தேத்தண்ணி ஊத்துறாரா? ஞாயித்துக்கிழம பின்னேரம் கடையச் சாத்திட்டு வீட்டுல படுக்காம, ஒங்க ரெண்டு பேரோடயும் கூட்டம் வச்சிக்கிட்டு ஈக்கன். இந்தா, இப்ப என்ட புதிர். ஹட்டன் ஸ்டாண்டுல பொகவந்தலாவ பஸ்ஸு. உள்ளுக்கு மூச்சு விட எடமில்ல, அவ்வளவு சனம். ஆனா சீட்டு ஒண்டு விடாமக் காலி. ஒருத்தரும் உக்காரல. ஏன்? ஆமா, இல்ல, இது ரெண்டுதான் என்ட வாயில வரும். கேளுங்க.

— சீட்டெல்லாம் ஒடைஞ்சிருக்கா?

— இல்ல.

— பெரிய ஆளு யாராச்சும் ஏறினதால மரியாதைக்கு நிக்கிறாங்களா? மந்திரி கிந்திரி?

— மந்திரி பஸ்ஸுல வாறதா? விஜி, நான் கேட்டது புதிர், கனவு இல்ல.

— லாஜிக்கா பாத்தா, சீட்டுல என்னமோ இருக்கு.

— ஆமா.

— உசுருள்ளதா நானா?

— இல்ல புள்ள.

— வெளிய மழையா?

— ஆமா.

— கூரை ஒழுகி சீட்டெல்லாம் தண்ணி! நானா, இது நான் நேத்து வந்த பஸ்ஸு! இதுல என்ன புதிர் இருக்கு? நான் ஒருத்திதான் தெரியாம உக்காந்தேன். எறங்குற வரைக்கும் எந்திரிக்க வெக்கம்.

— ஹா! அப்ப நானும் ஒரு புதிரு வச்சிருக்கேன். ஒரு ரூம்புல மூணு சுவிட்சு...

— நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவு விஜி. ஆனா நாளன்னைக்கும் நான் பார்மசிக்கு வர்றது சந்தேகம்.

— சரி. மூணு சுவிட்சு இருக்கு, அதுல ஒண்ணுதான்...

— ஏன்னு கேக்க மாட்டீங்களா?

— ஏன்?

— நாளைக்கு என்னையப் பொண்ணு பாக்க வர்றாங்க.

— விஜி, கோப்பைய நேராப் புடி. தேத்தண்ணி காலுல ஊத்துது.

— சுடல நானா, சுடல. யாரு? எப்ப? எங்க இருந்து?

— லாஜிக்கா ஒண்ணொண்ணாக் கேளுங்க விஜி. காலையில வர்றாங்க. இறம்பொடப் பக்கமாம். அம்மா பாத்து வச்சிருக்கு.

— இறம்பொடயா? வேணாம் சுலக்ஷனா. அந்தப் பக்கத்து ஆளுகள எனக்கு நல்லாத் தெரியும். வாய் பெருசு, வேலைக்கு ஆக மாட்டானுங்க.

— நீங்களும் இறம்பொடதானே?

— அதனாலதானே சொல்றேன். போட்டோ பாத்தீங்களா?

— நீங்க எதுக்கு அதக் கேக்குறீங்க?

— சும்மா. சங்கத்து உறுப்பினருங்கிற அக்கறையில.

— அக்கறைதானா? சரி. இருங்க, அம்மாதான் கூப்பிடுது. இங்க சிக்னல் விட்டு விட்டு வருது. வெளிய படிக்கட்டுல நின்னு பேசிட்டு வர்றேன்.

— போயிட்டாளா? ஆ, போயிட்டா. மகன் விஜி, இப்ப செல்லு. எப்ப கேக்கப் போற? அவளுக்குப் புள்ள குட்டி பொறந்து, அதுகளுக்கு என்ட கடையில கொப்பி வாங்க வருவாளே, அப்பவா?

— மெதுவாப் பேசுங்க நானா.

— நான் மெதுவாப் பேசினாலும் ஒன்ட மொகம் சத்தமாப் பேசுது. ஒரு வார்த்த. புடிச்சீக்கின்னு ஒரு வார்த்த.

— கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா? அப்பறம் ஞாயித்துக்கிழமயும் போச்சு, சங்கமும் போச்சு. இப்ப வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் பக்கத்துல உக்காந்து சிரிக்கிறோம். அதையும் கெடுத்துக்கச் சொல்றீங்களா?

— நாளைக்கு அவ சரின்னு செல்லிட்டா மட்டும் ஞாயித்துக்கிழம ஒனக்கா? புருசனோட இறம்பொடயில நிப்பா.

— என்னைய அழ வைக்காதீங்க. ஏற்கெனவே காலையில வீட்டுல பெரிய சண்ட. நாளைக்கு எனக்கும் பொண்ணு பாக்குறதுக்கு எங்கம்மா ஏற்பாடு பண்ணிருச்சு.

— ஒனக்குமா?

— புதுச் சட்ட வாங்கி, பழம் வாங்கி, வேன் கூடப் பேசிருச்சு. நான் வரவே மாட்டேன், இப்பவே அந்த வீட்டுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிரும்மான்னு கத்திட்டு வந்துட்டேன். சொல்லியிருக்கும். அழுதுக்கிட்டேதான் சொல்லியிருக்கும்.

— பொண்ணு யாரு?

— பேரு சொல்ல வந்துச்சு, நான் காதப் பொத்திக்கிட்டேன். போட்டோ அனுப்புச்சு, தொறக்காமலே அழிச்சிட்டேன். ஒருத்திய மனசுல வச்சுக்கிட்டு இன்னொரு பொண்ணு படத்தப் பாக்குறது தப்பில்லயா நானா?

— அடடா, என்ன ஒரு கண்ணியம்! ஊரு எது?

— அதுவும் சுலக்ஷனா மாதிரியே பொகவந்தலாவப் பக்கம்தான். புளியம்பட்டித் தோட்டமாம். அப்படி ஒரு தோட்டமே நான் கேள்விப்பட்டதில்ல.

— எது?

— புளியம்பட்டி.

— திரும்பச் செல்லு மகன்.

— புளியம்பட்டின்னேன். ஏன் நானா சிரிக்கிறீங்க? நானா! பொரையேறப் போகுது, தண்ணி குடிங்க!

— யா அல்லாஹ்... விடு, விடு, முதுகத் தட்டாத. எனக்கு ஒண்டுமில்ல. எனக்கு ஒரு விஷயம் வெளங்கிட்டு. ஆனா செல்ல மாட்டன். விடைய முதல்ல கண்டவன் வாயப் பொத்திக்கிட்டு ஈக்கணும். சங்கத்துச் சட்டம் நீதானே போட்ட?

— என்ன விடை? நான் இன்னும் சுவிட்சுப் புதிரே சொல்லி முடிக்கல.

— ஒனக்கு சுவிட்சு எங்க ஈக்கின்னே தெரியாது மகன். ஷ், வாறா, வாறா.

— என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? நானா, ஏன் கண்ணுல தண்ணி?

— தேத்தண்ணி சூடு புள்ள. அம்மா என்ன செல்றா?

— நாளைக்கு யாரும் வரலியாம்.

— வரலியா! நல்லது! அய்யோ, நல்லதுன்னா... பாவம். ஏன் வரலியாம் சுலக்ஷனா?

— மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லயாம். இன்னைக்குக் காலையில வேணாம்னுட்டாராம். எங்கம்மா கேசரிக்கு ரவைய வறுத்துட்டு நிக்கிது. ஒன்னய ஒருத்தன் பாக்காமலே தள்ளிட்டானேடின்னு ஒப்பாரி வைக்கிது.

— ஒங்கள வேணாம்னானா? எவன் அவன்? கண்ணு தெரியாதவனா?

— கண்ணு நல்லாத்தான் இருக்காம்.

— அப்ப மூளையில சார்ஜ் இல்ல. லாஜிக்கா பாத்தா, மதர்போர்டே எரிஞ்சு போயிருக்கணும். மடப்பய!

— இன்னும் சொல்லுங்க விஜி. கேக்க நல்லாருக்கு.

— அவனுக்கு இனிமே பொண்ணே கெடைக்காது. கெடைக்கக் கூடாது. கடைசி வரைக்கும் தனியாச் சோறாக்கித் திங்கட்டும்.

— ஆமீன்னு செல்லவா, வேணாமா? எனக்குக் கொழப்பமா ஈக்கி.

— நீங்க சும்மா இருங்க நானா. அப்பறம் விஜி? நீங்க என்னமோ புதிரு வச்சிருந்தீங்களே.

— அது சுவிட்சு... இல்ல. வேற ஒண்ணு. வேற ஒண்ணு கேக்குறேன். ஒருத்தன் தெனமும் ஒரு பார்மசிக்குப் போறான். தலவலி இல்ல, காய்ச்சல் இல்ல, ஒடம்புல ஒரு நோவும் இல்ல. ஆனா தெனமும் ரெண்டு பனடோல் வாங்குறான். ஏன்?

— ஆமா, இல்லயில கேக்கலாமா?

— கேளுங்க.

— வீட்டுல யாருக்காச்சும் தலவலியா?

— இல்ல.

— அவனுக்கு ஞாபக மறதியா? நேத்து வாங்குனத இன்னைக்கு மறந்துடுறானா?

— இல்ல.

— வாங்கின மாத்திரையெல்லாம் என்ன பண்றான்? திங்கிறானா?

— இல்ல.

— திங்கிறல்ல புள்ள. ரிப்பேர்க் கடையில மேச லாச்சி நெறைய அடுக்கி வச்சீக்கான். நேத்து ஸ்குரூ டிரைவர் தேடித் தொறந்தவன் பயந்துட்டன்.

— நானா!

— பொதுவாச் செல்றன் விஜி, பொதுவா.

— விஜி, விடை எனக்குத் தெரியும்னு வச்சுக்கங்க. ஆனா அந்த ஆளே வாயால சொன்னாத்தான் ஏத்துக்குவேன். சொல்லுவாரா?

— அந்த ஆளா? எந்த ஆளு? இது... சும்மா ஒரு புதிரு. இன்டர்நெட்டுல பாத்தேன்.

— இன்டர்நெட்டுலயா?

— ம்.

— நாசமாப் போச்சு. மகன், ஒன்கிட்ட ஒரு போன ரிப்பேருக்குக் கொடுத்தா அந்தப் போன் என்ன கதியாகும்?

— அது கெடக்கட்டும் நானா. பொகவந்தலாவ பஸ்ஸு இன்னும் ஸ்டார்ட் பண்ணல, சத்தம் கேக்கல. அதுக்குள்ள என்னோட கடைசிப் புதிரு. விஜி, கவனமாக் கேளுங்க. நம்ம பக்கத்துல எல்லாத் தோட்டத்துக்கும் ரெண்டு பேரு. ஒண்ணு வெள்ளக்காரன் வச்சது. பஸ் போர்டுல இருக்கும், ஐடென்டி கார்டுல இருக்கும். இன்னொண்ணு நம்மாளுக வச்சது. வாயில மட்டும்தான் இருக்கும். சரியா?

— சரி. எங்க தோட்டத்துக்கும் அப்படித்தான்.

— என் தோட்டம் எது?

— ஹார்வில். ஒங்க போன் ரிப்பேருக்கு வந்தப்ப நான்தானே பில் துண்டுல எழுதினேன்.

— அது போர்டுல இருக்கிற பேரு. டவுன்ல அதச் சொன்னாத்தான் புரியும்னு அதையே சொல்லிக்கிறது. எங்கம்மா வாயில, எங்க லயத்து வாயில அதுக்கு வேற பேரு. அது என்ன?

— அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க வந்ததே இல்லயே.

— வர வேண்டிய ஆளுதான். வரல. கேளுங்க, ஆமா, இல்ல.

— பேரு மலைன்னு முடியுதா?

— இல்ல.

— மிருகம், பறவை ஏதாச்சும்?

— இல்ல.

— மரம்?

— ஆமா. ஆனா எங்க குளிருக்கு அந்த மரம் மொளைக்கவே மொளைக்காது.

— மரமே இல்லாத எடத்துக்கு மரத்துப் பேரா? லாஜிக்கா பாத்தா, பேரு வெளியில இருந்து வந்திருக்கணும். மொதக் கங்காணியோட ஊருப் பேரா?

— ஆமா! பாத்தீங்களா, மூளை இருக்கு. தேவையான எடத்துலதான் வேலை செய்யிறதில்ல. இந்தியாவுல இருந்து ஆளக் கூட்டிக்கிட்டு வந்தவரு, ஊருப் பேரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு.

— வேப்பம்பட்டி?

— பட்டி சரி. வேப்ப இல்ல.

— பனம்பட்டி?

— இல்ல. வாயில வச்சா மொகம் சுருங்கும். ஒங்க மொகம் இப்பவே சுருங்குது.

— புளி... புளியம்...

— சொல்லுங்க.

— புளியம்பட்டி.

— ஆமா.

— அல்ஹம்துலில்லாஹ், போனுக்கு உசுரு வந்திட்டு!

— இருங்க நானா, இருங்க. ஹார்விலும் புளியம்பட்டியும் ஒண்ணா?

— ஆமா.

— நானா, ஒங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?

— எல்லாத் தோட்டத்துப் புள்ளைகளும் என்ட கடைக்குத்தானே கொப்பி வாங்க வருது. எனக்குத் தெரியாத தோட்டமா? வாயப் பொத்திக்கிட்டு ஈந்து ஈந்து நெஞ்சு வலிக்கி.

— அப்ப... நாளைக்கு நான் பாக்கப் போக இருந்த பொண்ணு...

— ரவைய வறுத்து வச்சிருக்கிற வீட்டுப் பொண்ணு.

— அந்த மடப்பய...

— மதர்போர்டு எரிஞ்சவரு. இனிமே பொண்ணே கெடைக்காதவரு. தனியாச் சோறாக்கித் திங்கப் போறவரு. ஹட்டன்ல போன் ரிப்பேர் பண்ற விஜிதரனாம், எங்கம்மா இப்பத்தான் பேரையே சொல்லுச்சு. வேணாம்னு எழுந்து போற மாப்பிள்ளையப் பாத்திருக்கேன் நானா. பாக்காமலே ஓடுற மாப்பிள்ளைய இப்பத்தான் பக்கத்துல வச்சுப் பாக்குறேன்.

— சுலக்ஷனா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் வேணாம்னது ஒங்கள இல்ல. நான் வேணாம்னதே ஒங்களுக்காகத்தான்!

— கேட்டீங்களா நானா? எனக்காக என்னையவே வேணாம்னுட்டாராம். இது லாஜிக்கா?

— பனடோல் வாங்குறவன் நான்தான்! இன்டர்நெட் இல்ல, நான்தான்! எனக்கு ஒங்கள ரொம்பப் புடிக்கும். மொத மாத்திரையில இருந்தே புடிக்கும். போதுமா?

— செல்லிட்டான்! மழை கொட்டுதான்னு வெளிய பாருங்க!

— நானா, ஒங்க போனக் குடுங்க. என் போன்ல சார்ஜ் இல்ல.

— போன் ரிப்பேர்க்காரன்ட போன்ல சார்ஜ் இல்ல. இந்தா, பேசு. ஓடிப் போயி ஒளியாம இஞ்சயே நின்னு பேசு.

— ஹலோ, அம்மா? நான்தான்மா, விஜி. பாவா நானா போனு. அம்மா, நாளைக்குப் போவோம். ஆமா, பொண்ணு பாக்கத்தான். குடிக்கலம்மா, ஞாயித்துக்கிழமையில யாரு குடிக்கிறா? நீ அந்த வீட்டுக்கு மறுபடி போன் போட்டு... என்னது? அவங்க பக்கமா? நேத்தேவா? ஏம்மா எங்கிட்டச் சொல்லல? சரி. சரிம்மா. வைக்கிறேன்.

— என்ன மகன், மொகம் இருண்டிட்டு?

— பொண்ணுதான் மொதல்ல வேணாம்னுச்சாம் நானா. நேத்தே. ரெண்டு அம்மாமாரும் சேந்து, நேர்ல பாத்தா மனசு மாறிரும்னு அத அமுக்கிட்டாங்களாம்.

— இது என்ன கூத்து? புள்ள, நெசமா?

— நெசந்தான் நானா.

— அப்ப எங்கிட்ட இவ்வளவு நேரமும் வெளையாடினீங்களா சுலக்ஷனா? நான் இன்னைக்குக் காலையிலதான் வேணாம்னேன். நீங்க நேத்தே என்னைய வேணாம்னுட்டீங்களா?

— ஆமா.

— போட்டோவப் பாத்துட்டா?

— இல்ல. தொறக்கவே இல்ல.

— அப்பறம் ஏன்?

— ஏன்னு கேட்டா பதில் வராது மகன். ஆமா, இல்ல வாற மாதிரிக் கேளு. கெதியாக் கேளு, பொகவந்தலாவ பஸ்ஸு ஹாரன் அடிக்கிறான்!

— ஒங்க மனசுல வேற யாராச்சும் இருக்காங்களா?

— ஆமா.

— எனக்குத் தெரிஞ்சவரா?

— ஆமா.

— ஹட்டன்லயா வேலை?

— ஆமா.

— கெட்டிக்காரரா?

— இல்ல. அவரு என்னைக்காச்சும் வாயத் தொறப்பாருன்னு நம்பித்தான், நேத்து யாரோ ஒரு இறம்பொடக்காரர வேணாம்னு சொன்னேன்.